ஒரே மேசையில் ஒரு கிண்ணம் குழம்பு

நம் கொல்லையில் காய்க்கும் வெண்டைக்காய்க்கு அமெரிக்காவில் ஒரு வரலாறு உண்டு. அடிமைகளாகக் கடத்தப்பட்ட ஆப்பிரிக்க மக்களோடு கடல் கடந்த காய் அது. நியூ ஆர்லியன்ஸ் நகரின் 'கம்போ' குழம்புக்குப் பெயர் தந்ததே வெண்டையைக் குறிக்கும் ஆப்பிரிக்கச் சொல்தான் என்பர். பிரெஞ்சு முறையில் வறுத்த மாவு, ஆப்பிரிக்க வெண்டை, உள்ளூர் இறால், நண்டு எல்லாம் ஒரே சட்டியில் கொதிக்கும். சோற்றில் ஊற்றிச் சாப்பிடுவார்கள்.

சட்டியில் கலந்த உலகம் மேசையில் கலக்கக் கூடாது என்றது அன்றைய சட்டம். கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து உண்பது குற்றம். கறுப்பின மக்கள் வாழும் ட்ரேமே பகுதியில் 1941இல் தொடங்கிய 'டூக்கி சேஸ்' உணவகம் அதை மீறியது. அந்த வீட்டு மருமகள் லியா சேஸ் சமைத்த கம்போவை, மாடி அறையில் இரு இனத்துப் போராளிகளும் ஒன்றாக அமர்ந்து உண்டார்கள், போராட்டங்களைத் திட்டமிட்டார்கள். மார்ட்டின் லூதர் கிங்கும் அங்கே உண்டவர். உணவகங்களில் நிறப் பாகுபாட்டை நாடு முழுவதும் தடைசெய்யும் சட்டம் அங்கு வந்தது 1964இல்தான்.

நமக்கோ அந்த உரிமை 1950லேயே வந்துவிட்டது. அரசியலமைப்பின் 15(2) பிரிவு, கடைகளையும் பொது உணவகங்களையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டு, சாதியின் பேரால் அங்கே யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. ஆனாலும் இரட்டைக் குவளையை நம் ஊர்கள் நன்றாக அறியும்.

மாணவர்களே, 15(2)ஐ மனப்பாடம் செய்துகொள்வோம். தனிக் குவளை நீட்டும் கடையில் அதைச் சொல்லியே கேட்போம்.