கணினியின் செயலியை எப்போது மாற்றலாம்?

எங்கள் செகந்திராபாத் கிளையின் நெடுநாள் வாடிக்கையாளர் ஒருவர், 2025 நவம்பரில் புதிய கணினி வாங்க 60,000 ரூபாய் கடன் கேட்டு வந்தார். சிறு வணிகர்கள் நாற்பது பேருக்கு ஜி.எஸ்.டி. படிவங்களைத் தாக்கல் செய்து கொடுப்பது அவரது தொழில். ஒவ்வொரு மாதமும் 20ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்.-3பி படிவம் சென்றாக வேண்டும். தவறினால் ஒரு நாளைக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். அந்தத் தொகையை வணிகரிடம் கேட்க முடியாமல் தாமே செலுத்தும் நிலை அம்மாதம் அவருக்கு நேர்ந்திருந்தது. கணினி அத்தனை மெதுவாகிவிட்டது. "பிராசஸர் பழசாகிவிட்டது சார், இனி வேறு வழியில்லை" என்றார்.

கடன் கொடுக்கும் முன் நேரில் பார்வையிடுவது வங்கியின் வழக்கம். மறுநாள் அவரது அலுவலகத்திற்குச் சென்றேன்.

ஏட்டு மதிப்பும் பயன் மதிப்பும்

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்தபோது 40,000 ரூபாய்க்கு வாங்கிய கணினி அது. இன்டெல் ஏழாம் தலைமுறை ஐ5 செயலி, 8 ஜி.பி. நினைவகம் கொண்டது. வருமான வரிச் சட்டம் கணினிக்கு ஆண்டுக்கு 40 விழுக்காடு தேய்மானத்தை, குறைந்துவரும் மதிப்பின் மீது அனுமதிக்கிறது. அக்கணக்கில் எட்டு ஆண்டுகள் கழித்து அதன் ஏட்டு மதிப்பு வெறும் 672 ரூபாய். ஆயினும் ஏட்டில் தேய்ந்த வேகத்தில் செயலி தேய்வதில்லை. தூசியும் வெப்பமும் அண்டாமல் பார்த்துக்கொண்டால், முதல் நாள் செய்த வேலையைப் பத்தாம் ஆண்டிலும் அது செய்யும். அப்படியானால் தாமதம் எங்கிருந்து வந்தது?

முதலில் அளந்து பாருங்கள்

கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். வழக்கமான வேலை நடக்கும்போது எந்த உறுப்பு திணறுகிறது என்பதை அது விழுக்காட்டில் காட்டும். இவரது கணினியில் செயலியின் பயன்பாடு 25 விழுக்காட்டைத் தாண்டவில்லை. வன்தட்டோ 100 விழுக்காட்டில் நின்றது. சுழலும் பழைய வன்தட்டு தகவலைத் தேடி எடுத்துத் தரும்வரை செயலி சும்மா காத்திருந்தது. இந்நிலையில் விலையுயர்ந்த செயலியைப் பொருத்தினாலும் அதுவும் காத்துத்தான் இருக்கும்.

வன்தட்டு திணறினால் எஸ்.எஸ்.டி. பொருத்துவதும், நினைவகம் நிரம்பி வழிந்தால் கூடுதல் ராம் சேர்ப்பதுமே முதல் மருந்து. செயலி நெடுநேரம் 90 விழுக்காட்டுக்கு மேல் நின்றால் மட்டுமே அதன் மீது ஐயம் கொள்ளலாம். அப்போதும் விசிறியின் தூசியை நீக்கி, செயலியின் மேலுள்ள காய்ந்த வெப்பப் பசையைப் புதுப்பித்துப் பாருங்கள். சூடேறிய செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

நம் வாடிக்கையாளர் ஏறத்தாழ 3,000 ரூபாயில் எஸ்.எஸ்.டி. பொருத்தினார். தாமதம் தீர்ந்தது. கடன் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறவும் முன்வந்தார்.

வேகம் வந்தது, பாதுகாப்பு?

ஆனால் நான் அத்துடன் விடவில்லை. அக்கணினி விண்டோஸ் 10-இல் இயங்கியது. அதற்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. நாற்பது வணிகர்களின் பான் எண்களும் கணக்கு விவரங்களும் அதில் இருந்தன. அவரது இணைய வங்கிச் சேவையும் அதிலேயே நடந்தது. வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்புத் திட்டம் உண்டு. அது அவகாசமே தவிர, நிலையான தீர்வாகாது.

விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும், ஏற்கப்பட்ட பட்டியலில் உள்ள செயலியும் வேண்டும். இன்டெல் வகையில் பொதுவாக எட்டாம் தலைமுறை முதல் அப்பட்டியல் தொடங்குகிறது. ஒரே ஒரு தலைமுறை வித்தியாசத்தில் அவரது கணினி வெளியே நின்றது. வேகத்துக்காகத் தேவைப்படாத புதிய செயலி, பாதுகாப்புக்காகத் தேவைப்பட்டது. உங்கள் கணினியின் நிலையை அறிய, மைக்ரோசாப்ட் இலவசமாக வழங்கும் 'பிசி ஹெல்த் செக்' செயலியே போதும்.

செயலியை மட்டும் மாற்ற இயலுமா?

இதற்கு விடை மதர்போர்டில் இருக்கிறது. இன்டெல் ஏழாம், எட்டாம் தலைமுறைச் செயலிகளின் பொருத்துவாய்க்குப் பெயர் ஒன்றே என்றாலும், பழைய மதர்போர்டில் எட்டாம் தலைமுறைச் செயலி இயங்காது. ஆகவே செயலியுடன் மதர்போர்டையும் மாற்றியாக வேண்டும். ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 பொருத்துவாய் கொண்டவர்களுக்கு நல்வாய்ப்பு உண்டு. முதல் தலைமுறை ரைசன் செயலியை எடுத்துவிட்டு, பயாஸ் மென்பொருளைப் புதுப்பித்து, அதே மதர்போர்டில் பிந்தைய ரைசனைப் பல கணினிகளில் பொருத்தலாம். எதை வாங்கும் முன்னும் மதர்போர்டு நிறுவனம் வெளியிட்டுள்ள செயலிப் பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.

நம் வாடிக்கையாளர் பன்னிரண்டாம் தலைமுறை ஐ3 செயலியையும், டிடிஆர்4 நினைவகத்தை ஏற்கும் மதர்போர்டையும் வாங்கினார். அதனால் பழைய ராம் வீணாகவில்லை. பெட்டி, திரை, எஸ்.எஸ்.டி. அனைத்தும் அப்படியே நீடித்தன. கணினியோடு வந்த விண்டோஸ் உரிமம் பழைய மதர்போர்டோடு பிணைந்தது என்பதால் புதிய உரிமம் வாங்க நேர்ந்தது. பலர் கணக்கில் சேர்க்க மறக்கும் செலவு இது. எல்லாம் சேர்த்து 30,000 ரூபாய்க்குள் முடிந்தது.

ஓர் எளிய கணக்கு

செயலி, மதர்போர்டு, ராம், உரிமம், பொருத்துகூலி ஆகியவற்றைத் தனித்தனியே எழுதிக் கூட்டுங்கள். அத்தொகை அதே திறனுள்ள புதிய கணினியின் விலையில் பாதிக்குள் அடங்கினால் மேம்படுத்தலாம் என்பது என் கருத்து. முக்கால் பங்கை நெருங்கினால், உத்தரவாதத்துடன் வரும் புதிய கணினியே மேல். கழற்றிய பழைய வன்தட்டில் உள்ள தகவல்களை முற்றிலும் அழித்த பின்னரே, பதிவுபெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் ஒப்படையுங்கள்.

கடன் கொடுப்பது எங்கள் தொழில்தான். ஆயினும் தேவையறிந்து வாங்கிய கடனே தவறாமல் திரும்பி வரும் என்பதை இருபது ஆண்டு அனுபவத்தில் கண்டிருக்கிறேன். டிசம்பர் 20 அன்று கிளைக்கு வந்த அவர், நாற்பது படிவங்களும் முந்தைய நாளே சென்றுவிட்டதாகச் சொல்லிவிட்டு, மிச்சமான பணத்தில் ஒரு தொடர் வைப்புக் கணக்குத் தொடங்க விண்ணப்பம் கேட்டார்.