தேர்வு முறையும் தாயில்பட்டிக் குழந்தையும்

தாயில்பட்டி, விருதுநகர் மாவட்டத்தில் வெம்பக்கோட்டை வட்டத்தைச் சேர்ந்த ஊர். மழை குறைந்த பூமி. வேளாண்மையை மட்டும் நம்பி வாழ இயலாமையால், சிவகாசியைச் சுற்றியுள்ள பிற ஊர்களைப் போலவே இங்கும் பட்டாசுத் தொழில் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. இத்தகைய ஊரில் ஒரு குழந்தை தேர்வில் தவறுமாயின் அதன் விளைவு பெரிது. ‘படிப்பு ஏறவில்லை’ என்று வீட்டில் ஒரு சொல் பிறந்துவிட்டால், காகிதக் குழாய் உருட்டும் வேலையும் சரம் பின்னும் வேலையும் அருகிலேயே காத்திருக்கின்றன. 2021 ஜூன் மாதத்தில் இவ்வூரில், வீட்டில் சட்டத்திற்குப் புறம்பாகப் பட்டாசு செய்தபோது வெடிவிபத்து நேர்ந்து உயிர்கள் மாண்டன. ஆகவே, பாடத்திட்டச் சீர்திருத்தம் கல்வி நிபுணர்களுக்கு மட்டும் உரிய பொருள் என்று நாம் ஒதுக்கிவிடுவதற்கில்லை.

1953 இல் இராஜாஜி முதலமைச்சராயிருந்த காலத்தில், கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பாட நேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என ஒரு திட்டம் வகுக்கப்பட்டது. இரு வேளைகளாகப் பள்ளி நடத்தி மேலும் பலரைச் சேர்க்கலாம் என்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. எனினும் ‘குலக்கல்வி’ என்று அது கடுமையாக எதிர்க்கப்பட்டது. விருதுநகரில் பிறந்த காமராசர் 1954 இல் முதலமைச்சரானதும் அத்திட்டத்தைக் கைவிட்டார். 1956 இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். பெற்றோரின் தொழிலைப் பழகுதல் என்பதற்குப் பட்டாசுச் சீமையில் என்ன பொருள் என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்!

பின்னர்ச் சட்டமும் துணைக்கு வந்தது. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்பளித்தது. 2016 இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, 14 வயது நிரம்பியவராயினும் 18 வயது ஆகாதவரை ஆபத்தான தொழிலில் அமர்த்துதல் குற்றமாகும். ஆனால், பள்ளியை விட்டு நின்ற பிள்ளையைச் சட்டம் மட்டும் தனித்துக் காத்துவிட முடியாது. அப்பிள்ளை பள்ளியை விட்டு நில்லாதிருக்கச் செய்வதே முதற்பணி.

2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் ஒரே வகுப்பில் நிறுத்திவைத்தல் ஆகாது என விதித்தது. இதனால் பிள்ளைகள் பள்ளியில் நீடித்தனர். எழுத்துக் கூட்டி வாசிக்க இயலாமலே மேல் வகுப்பிற்குச் செல்வோரும் உளர் என்ற குறையும் எழுந்தது. அக்குறை பொய்யன்று. ஆண்டிறுதித் தேர்வை மட்டும் நம்பாமல், 2012-13 இல் தமிழ்நாட்டில் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் கொணரப்பட்டன. வகுப்பறைச் செயல்களுக்கும் சிறு தேர்வுகளுக்குமாக வளரறி மதிப்பீடு 40 மதிப்பெண். பருவ இறுதியில் தொகுத்தறி மதிப்பீடு 60. கொள்கையளவில் நன்று. ஆனால் பதிவேடு நிரப்புவதிலேயே ஆசிரியரின் பொழுது கழிந்தால், பிள்ளைக்கு எஞ்சுவது சொற்பமே.

2019 ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் அச்சட்டத்தைத் திருத்தி, ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் தேர்வு வைத்துத் தவறியவரை நிறுத்திவைக்க மாநிலங்களுக்கு இடமளித்தது. தமிழ்நாட்டிலும் அவ்வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு அறிவிக்கப்பட்டு, 2020 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. பத்து வயதுக் குழந்தைக்குப் பொதுத்தேர்வு எதற்கு? தவறியது என்று சொல்வதால் அதற்கு வாசிப்பு வந்துவிடாது.

இவ்வகையில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமே நம் கவனத்திற்கு உரியது எனக் கருதுகிறோம். கொரோனாவினால் தொடக்கப் பள்ளிகள் 2020 மார்ச் முதல் 2021 அக்டோபர் முடிய மூடிக் கிடந்தன. அதனால் நேர்ந்த இழப்பை ஈடு செய்யும் பொருட்டு, 2022-23 இல் முதல் மூன்று வகுப்புகளுக்கு இது தொடங்கப்பெற்று, அடுத்த ஆண்டு நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது. ஆசிரியர் முதலில் ஒவ்வொரு குழந்தையும் எந்நிலையில் உள்ளது என்று மதிப்பிடுகிறார். எழுத்தே அறியாதது அரும்பு. சற்று முன்னேறியது மொட்டு. வகுப்பிற்குரிய நிலையை எட்டியது மலர். மூன்றாம் வகுப்பில் அமர்ந்திருக்கும் அரும்புக் குழந்தைக்கு அரும்புக்குரிய பாடமே கற்பிக்கப்படும். நிலை உயர்ந்தால் குழுவும் மாறும். மருத்துவர் நாடி பார்ப்பது மருந்து கொடுப்பதற்காக அல்லவா? இம்மதிப்பீடும் அத்தகையதே.

விருதுநகர் மாவட்டம் மேல்நிலைத் தேர்வின் தேர்ச்சி விழுக்காட்டில் பல ஆண்டுகள் முதலிடம் பெற்றது. பெருமைக்குரியதே. ஆயினும் அவ்விழுக்காடு தேர்வெழுதியவர்களைக் கொண்டு கணக்கிடப்படுவது. அதற்கு முன்னரே நின்றுவிட்டவர் அக்கணக்கில் வாரார். ஊரார் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: ஒன்றாம் வகுப்பில் நம் ஊரில் சேர்ந்தவர் எத்தனை பேர், பத்தாம் வகுப்பில் அமர்ந்திருப்பவர் எத்தனை பேர்? இவ்விரு எண்களும் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டிலும் வருகைப் பதிவேட்டிலும் கிடைக்கும்.

இதனைக் கேட்பதற்கு உரிய இடம் பள்ளி மேலாண்மைக் குழு. சட்டப்படி அதன் உறுப்பினருள் முக்கால் பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். ‘என் பிள்ளை எத்தனை மதிப்பெண்?’ என்று கேட்பதோடு, ‘ஜூன் மாதத்தில் அரும்பிலிருந்தவள் இப்போது எந்நிலையில் இருக்கிறாள்?’ என்றும் ஒரு தாய் அங்கே கேட்கலாம். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் இக்கேள்வியைக் கேட்க முடியும். வரும் விடையைப் புரிந்துகொள்ளவும் முடியும். அவளோ காலையில் ஆலைக்குச் சென்றால் மாலையில்தான் திரும்புகிறாள். ஆதலால் குழுக் கூட்டத்தை ஆலை விடுமுறை நாளில் கூட்டுவது நலம்.