அட்டை இல்லாத மாத்திரை

வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலைக்குள் நுழைந்தால் முதலில் முகத்தில் அறைவது புழுக்கம். காற்று உலர்ந்தால் இழை அறுந்துபோகும் என்பதால் கூடத்தின் ஈரப்பதத்தைக் குறையவிட மாட்டார்கள். அறுந்த இழையை ஒட்டிக்கொண்டே ரிங் பிரேம்களுக்கு நடுவே ஒரு ஷிப்ட் முழுக்க நடக்கும் பெண்களில் பலர், சுற்றுக் கிராமங்களிலிருந்து மில் பஸ்ஸில் வருகிறவர்கள். மாதவிலக்கு நாளிலும் அதே நடைதான்.

நாப்கின் கிடைக்காத ஊரல்ல இது. பஞ்சில் செய்து பார்த்துத் தோற்ற கோவை அருணாச்சலம் முருகானந்தம், மரக்கூழில்தான் சூட்சுமம் என்று கண்டுபிடித்து மலிவு விலை இயந்திரம் செய்தது பழைய கதை. 2012-இல் வளரிளம் பெண்களுக்கு இலவச நாப்கின் தரும் அரசின் 'புதுயுகம்' திட்டம் வந்தது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 24 வயதுப் பெண்களில் ஏறத்தாழ 98 சதவீதம் பேர் சுகாதாரமான முறைகளைப் பயன்படுத்துகிறார்கள். ஆனாலும் ஒரு கணக்கு இடிக்கிறது. புதுயுகத்தில் ஆண்டுக்கு 18 பாக்கெட், பாக்கெட்டுக்கு 6. மாதத்துக்கு 9 நாப்கின். ஆறு மணி நேரத்துக்கு ஒன்று மாற்றினால் மூன்றாம் நாளைத் தாண்டாது. அதுவும் 19 வயது வரைதான்.

எனக்கு உறுத்துவது நாப்கினைவிட வலிதான். 2019-இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை, தமிழ்நாட்டு ஆடைத் தொழிலில் வேலை செய்யும் ஏறத்தாழ 100 பெண்களிடம் பேசியது. மாதவிலக்கு வலிக்கு வேலையிடத்தில் பெயர் தெரியாத மாத்திரை கொடுத்தார்கள் என்று எல்லோருமே சொன்னார்கள். கொடுத்தவர்கள் பெரும்பாலும் மருத்துவர்களோ செவிலியர்களோ அல்லர். ஐபுபுரூஃபன் வகை வலிநிவாரணி அது என்றார்கள் மாத்திரையைப் பார்த்த நிபுணர்கள்.

அது வேலை செய்யும், அதில் சந்தேகமில்லை. கருப்பையின் உட்சுவர் உதிரும்போது புரோஸ்டகிளாண்டின் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது. ஈரத்துணியை முறுக்கிப் பிழிவதுபோல் அது கருப்பைத் தசையை இறுக்குகிறது. ரத்தக் குழாய்கள் நெரிபடுகின்றன, தசைக்கு ஆக்சிஜன் குறைகிறது, வலி எடுக்கிறது. மாத்திரை இந்தச் சுரப்பை அடக்குகிறது.

சிக்கல் எங்கே என்றால், இரைப்பையின் உட்பூச்சை அமிலம் அரிக்காமல் காப்பதும், சிறுநீரகத்துக்கு ரத்தம் சீராகப் போக உதவுவதும் இதே புரோஸ்டகிளாண்டின் வகைதான். மாத்திரைக்குக் கருப்பை எது, இரைப்பை எது என்று தெரியாது. காலையில் சாப்பிடாமல் பஸ் பிடித்தவள் வெறும் வயிற்றில் போட்டால் குடல்புண்ணுக்கு வழி. கழிவறைக்கு அனுமதி கேட்கக் கூசித் தண்ணீரே குடிக்காதவள் போட்டால் சிறுநீரகத்துக்கு இரட்டை அடி. மாதாமாதம் துடிக்கவைக்கும் வலி, எண்டோமெட்ரியோசிஸின் அறிகுறியாகவும் இருக்கலாம். உலகில் இனப்பெருக்க வயதில் உள்ள பெண்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு அது உண்டு. மாத்திரை வலியை அமுக்கும், நோயை மறைத்துவிடும்.

இதையெல்லாம் கேட்க ஆள் வேண்டுமே. வீட்டில் பாயைத் தனியாகப் போடச் சொல்லும் அதே 'தூரம்', ஆலையில் வாயைத் திறக்கவிடுவதில்லை. "வயித்து வலி" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. என்ன மாத்திரை, எத்தனை போடலாம் என்று அவளும் கேட்பதில்லை, கொடுப்பவரும் சொல்வதில்லை. 500 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் மருத்துவ அறையும் அதற்கு ஆளும் வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே சொல்லிவிட்டது. அந்த அறையில் ஒரு கட்டிலும் வெந்நீர்ப் பையும் இருந்தாலே பாதி வலி அடங்கும். சூடு தசையைத் தளர்த்தும் என்பது பாட்டி வைத்தியம் மட்டுமல்ல, ஆய்விலும் தேறிய விஷயம்.

அப்படியொரு அறை வரும்வரை ஒன்று செய்யலாம். யாராவது கையில் மாத்திரை வைத்தால், "அட்டையைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் அதில்தான் அச்சாகியிருக்கும்.