இறந்தவர் வாங்கிய கடனுக்கு இன்சூரன்ஸ் பணமும் போயிடுமா? சட்டம் சொல்வது என்ன?

கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை போட்டிருக்கும் வீட்டில் நிலமும் இருக்கும், கடனும் இருக்கும். குடும்பத் தலைவர் திடீரென இறந்தால் வாரிசு சான்றிதழ், பட்டா மாற்றம் என நிலம் கைக்கு வர மாதங்கள் ஆகலாம். அதுவரை குடும்பத்தைத் தாங்குவது ஆயுள் காப்பீட்டுப் பணம்தான். ஆனா அது யாருக்குப் போகும்?

நாமினிக்கே சொந்தமா?

நாமினி பணத்தை வாங்கித் தருபவர் மட்டுமே, உரிமை வாரிசுகளுக்கு என 1983-ல் சர்பதி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2015 திருத்தமோ, பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே என்கிறது. ஆனாலும் பங்கு கேட்டு வழக்குகள் வரத்தான் செய்கின்றன. கல்யாணத்துக்கு முன்பு அண்ணன் பெயரைக் கொடுத்திருந்தால் இப்பவே மாத்திடுங்க. உயிலிலும் அதே பெயர் இருக்கட்டும்.

கடன்காரர் கேட்டால்?

1874-ம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டம், 6-வது பிரிவின் கீழ் மனைவி, பிள்ளைகளுக்காக எடுத்த பாலிசி அவர்களுக்கான அறக்கட்டளைச் சொத்து. கணவரின் கடனுக்கு அதில் கை வைக்க முடியாது. கடன்காரரை ஏமாற்றவே எடுத்தது என நிரூபணமானால் மட்டும் விதிவிலக்கு.

பாலிசி எடுக்கும்போதே இதற்கான படிவத்தைக் கேட்டு வாங்குங்க. பிறகு கணவர் நினைத்தாலும் அந்தப் பணத்தைத் தன் இஷ்டத்துக்கு எடுக்க முடியாது. அதுதான் இதன் பலமே!