சத்தமில்லாத சங்கீதம்

லினக்ஸில் மிடி கோப்பு ஊமையாக இருப்பதேன்?

கோப்பைத் திறந்தாயிற்று. திரையில் நொடிகள் ஓடுகின்றன. பிழைச் செய்தி எதுவும் இல்லை. ஆனால் ஒலிபெருக்கியில் மயான அமைதி. லினக்ஸ் கணினியில் மிடி இசையைக் கேட்க முயன்ற பலருக்கும் பழக்கமான காட்சி இது. ஒலி அட்டை போய்விட்டதோ என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போவது வீண் அலைச்சல்.

பழுது ஒன்றுமில்லை. மிடி கோப்பில் ஒலியே கிடையாது. எந்தச் சுரம், எவ்வளவு அழுத்தம், எப்போது விடுவது என்ற கட்டளைகள்தான் உண்டு. சுரம் எழுதிய நோட்டுப் புத்தகம் மாதிரி. வாசிக்க ஆள் வேண்டும். ஒரு நிறுவனத்தின் கீபோர்டை இன்னொன்றின் கருவியோடு பேசவைக்க 1983இல் வந்த ஏற்பாடு இது. இதற்கு முன்நின்ற அமெரிக்கர் டேவ் ஸ்மித்துக்கும் ஜப்பானியர் இகுடாரோ ககெஹாஷிக்கும் 2013இல் டெக்னிக்கல் கிராமி விருது கிடைத்தது.

1990களில் அந்த ஆள் ஒலி அட்டைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்: சவுண்ட் பிளாஸ்டர் வகை அட்டைகளில் இசைக்கெனத் தனிச் சில்லு. பின்னர் தாய்ப்பலகையோடு மலிவான ஒலிச்சில்லு வந்தது, சின்தசைசர் போயிற்று. விண்டோஸ் தனக்குள் ஒரு மென்பொருள் சின்தசைசரை வைத்துக்கொண்டதால் அங்கே யாருக்கும் வலி தெரியவில்லை. லினக்ஸ்காரர்கள்தான் தேடிப்போக வேண்டியிருந்தது.

முதலில் கைகொடுத்தது டிமிடிட்டி. இன்று பலரும் நாடுவது ஃப்ளூயிட்சின்த். இரண்டும் இலவசம். ஆனால் ஃப்ளூயிட்சின்த்தை நிறுவினால் மட்டும் போதாது. அதற்குச் சவுண்ட்ஃபான்ட் என்ற தீனி வேண்டும். நிஜ வாத்தியங்களின் ஒலி மாதிரிகள் அடங்கிய கோப்பு அது. பரவலாகப் புழங்கும் ஃப்ளூயிட் ஆர்3 சுமார் 140 எம்.பி. அடுத்து, கீபோர்டை சின்தசைசரோடு இணைக்க வேண்டும். 'ஏகனெக்ட்' கட்டளை இதைச் செய்யும். கட்டளை என்றாலே ஒவ்வாதவர்களுக்குப் பொத்தான்களும் ஜன்னலும் கொண்ட கியூசின்த் இருக்கிறது.

ஒலி வந்தபின் அடுத்த தலைவலி தாமதம். விரல் பட்டுச் சற்று கழித்துச் சுரம் கேட்டால் வாசிப்பவருக்குத் தாளம் தப்பும். நொடிக்கு 48,000 மாதிரிகள் என்ற வேகத்தில், 1024 மாதிரிகளைச் சேர்த்துவைத்து அனுப்பினால் அதற்கே 21 மில்லி நொடி ஆகும். 128 என்றால் மூன்றுக்கும் குறைவு. ரொம்பவும் குறைத்தால் கணினி மூச்சுவாங்கும், ஒலி கரகரக்கும். ஜாக், அதன் வேலையையும் ஏற்கும் பைப்வயர் ஆகிய மென்பொருள்களில் இந்த அளவை மாற்றிப் பார்க்கலாம்.

நம் சங்கீதத்துக்குத்தான் உண்மையான சிக்கல். 1991இல் வகுத்த ஜெனரல் மிடியின் 128 வாத்தியங்களில் சிதார் 105ஆவது, ஷெனாய் 112ஆவது. வீணை இல்லை, நாகசுரம் இல்லை. தாள வாத்தியங்களின் தனிப் பட்டியலிலும் மிருதங்கம், தபலா இல்லை. கமகத்துக்குச் சுருதியை வளைக்கும் கட்டளை உண்டு. ஆனால் அது அந்தச் சேனல் முழுவதையும் வளைத்துவிடும். அதே சேனலில் தம்பூரா இருந்தால் அதுவும் சேர்ந்து ஆடும்! இருக்கும் 16 சேனல்களில் தம்பூராவுக்கு ஒன்றைத் தனியே ஒதுக்குவதுதான் வழி. வளைவின் எல்லை வழக்கமாக இரண்டு அரைச்சுரம். நீண்ட ஜாருக்கு அதை அகலப்படுத்த வேண்டும்.

2020இல் வந்த மிடி 2.0, ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே வளைக்க இடம் தருகிறது. 2023இல் வெளியான லினக்ஸ் 6.5 கர்னல் அதை ஏற்றுக்கொண்டது. வீணையின் ஒவ்வொரு மெட்டையும் மீட்டிப் பதிவுசெய்து சவுண்ட்ஃபான்ட் ஆக்கும் வேலையை மட்டும் எந்தக் கர்னலும் செய்துதராது. அதற்கு ஒரு வைணிகரும் மைக்கும் நிறையப் பொறுமையும் தேவை.