மடத்துத் தலைவியின் வம்சம்

14ஆம் நூற்றாண்டுப் போர்ச்சுகலில் வாழ்ந்தவர் இனேஸ் பீரெஸ். அவர் விரும்பிய ஜான், அப்போது அவிஸ் என்ற துறவுப் போர்வீரர் சபையின் தலைவர். மணம் முடிக்கக் கூடாதவர். இருவருக்கும் 1377ஆம் ஆண்டு வாக்கில் அபோன்சோ பிறந்தார். அடுத்து ஒரு மகள், பியாட்ரிஸ்.

மகளின் நிலையை எண்ணி மனம் வெதும்பிய இனேஸின் தந்தை, அதன்பின் தாடியை மழிக்கவே இல்லை என்று ஒரு கதை வழங்குகிறது. கதையோ நிஜமோ, அந்த வேதனை நம்பக்கூடியதுதான்.

1385இல் ஜான் அரசரானார். 1387இல் இங்கிலாந்தின் பிலிப்பாவை மணந்தார். இனேஸ் அரசியாகவில்லை, லிஸ்பனில் இருந்த சாந்தோஸ் கன்னியர் மடத்தின் தலைவியானார். ஆனால் அரசர் பிள்ளைகளைக் கைவிடவில்லை. பியாட்ரிஸ் 1405இல் இங்கிலாந்தின் அரண்டல் பிரபுவுக்கு வாழ்க்கைப்பட்டார். அபோன்சோ, படைத்தலைவர் நூனோ ஆல்வரஸ் பெரேராவின் ஒரே மகளை மணந்து பெருஞ்செல்வம் பெற்றார். 1442இல் பிரகன்சாவின் முதல் கோமகனானார்.

இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பிறகு அந்தக் குடும்பத்துக்கே அரியணை வந்தது. 1640இல் ஸ்பெயினின் ஆட்சியை உதறிய போர்ச்சுகல், பிரகன்சா கோமகனை நான்காம் ஜான் என அரசராக்கியது. அவருடைய மகள் கேத்தரின் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸை மணந்தபோது, சீதனமாக ஆங்கிலேயர் கைக்குப் போன ஊர்தான் பம்பாய். 1822இல் பிரேசிலின் முதல் பேரரசரான பெட்ரோவும் இனேஸின் வழிவந்தவரே. போர்ச்சுகலில் மன்னராட்சி 1910இல் முடியும்வரை, அரியணையில் இருந்தது இனேஸின் சந்ததிதான்.