குவேசாரின் உமிழ்கோடுகள்

கன்னி விண்மீன் குழுவில் சாதாரண விண்மீனைப் போலத் தோன்றும் 3சி 273 என்னும் வானொலி மூலத்தின், அதாவது பின்னர் குவேசார் என அழைக்கப்பட்ட பொருளின், நிறமாலையை, அதாவது ஒளியை அலைநீள வாரியாகப் பிரித்த பதிவை, வானியலாளர் மார்ட்டன் ஷ்மிட் 1962 டிசம்பரில் பலோமார் மலையின் 200 அங்குலத் தொலைநோக்கியால் எடுத்தபோது, அதில் தெரிந்த உமிழ்கோடுகள், அதாவது கிளர்ச்சியுற்ற வாயுவின் அணுக்கள் தமக்கே உரிய அலைநீளங்களில் வெளியிடும் ஒளியால் தோன்றும் பிரகாசமான கோடுகள், எந்தத் தனிமத்தோடும் பொருந்தவில்லை.

1963 பிப்ரவரியில், அக்கோடுகளின் இடைவெளி நீல முனையை நோக்கி ஒழுங்காகக் குறுகுவதைக் கவனித்த ஷ்மிட், அவை பாமர் வரிசை எனப்படும் ஹைட்ரஜன் கோடுகளின் தொடரே என்றும், எல்லாமே ஏறத்தாழ 16 விழுக்காடு சிவப்புப் பக்கம் நகர்ந்துள்ளன என்றும் கண்டார். ஆய்வகத்தில் 486 நானோமீட்டரில் அமையும் அவ்வரிசையின் பீட்டா கோடு அங்கே 563இல் நின்றது. 434இல் இருக்க வேண்டிய காமா கோடு 503ஐ எட்டியிருந்தது. ஒற்றைக் கோடு எந்தத் தனிமத்துக்கும் உரியதாகிவிடலாம் என்பதால், பல கோடுகள் ஒரே விகிதத்திற்கு உடன்படுவதே இங்கு உண்மையான சான்று. விகிதத்தைப் பாராமல் அலைநீளங்களைக் கழித்து வேறுபாட்டை மட்டும் பார்ப்பவருக்கு இந்த ஒழுங்கு புலப்படாது. செம்பெயர்ச்சி எனப்படும் இந்நகர்வு பேரண்ட விரிவால் விளைவது என்பதால், அப்பொருள் 200 கோடி ஒளியாண்டுகளுக்கும் அப்பால் இருப்பதைக் காட்டியது. இதே முறையைக் கையாண்டு, நெடுநாள் புதிராக இருந்த, இதே போன்ற மற்றொரு வானொலி மூலமான 3சி 48இன் செம்பெயர்ச்சி 37 விழுக்காடு என்பதும் உடனே கணிக்கப்பட்டது.